வயதுக்கு வந்த பிறகு எத்தனை செ.மீ.?

மகள் வயதுக்கு வந்துவிட்டால் வீட்டில் உளுத்தங்களி கிண்டுவார்கள், நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் வந்து சேரும். இனிமேல்தான் பெண் மளமளவென்று வளரப்போகிறாள் என்று நினைப்பு. சாப்பாடு நல்லதுதான், கணக்குதான் தப்பு. மளமள வளர்ச்சி அதற்குள் முடிந்து போயிருக்கும்.

இதை வருடக்கணக்கில் அளந்து பார்த்தவர் ஜேம்ஸ் டானர் என்ற ஆங்கிலேய மருத்துவர். லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டனில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் 1948இல் வேலை தொடங்கியது. அளவெடுத்தவர் ரெஜினால்ட் வைட்ஹவுஸ். குதிகால் பலகையில் ஒட்டியிருக்க, காதுக்குப் பின்னால் கை கொடுத்துத் தலையை மெல்ல மேலே தூக்கி, மூச்சை இழுக்கச் சொல்லி அளப்பார்கள். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் சற்றுக் குறைந்துவிடும் அல்லவா, அதைச் சரிக்கட்டத்தான் இந்தத் தூக்கல்.

1969இல் டானரும் வில்லியம் மார்ஷலும் 192 சிறுமிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். சராசரியாக 11 வயதையொட்டி மார்பு அரும்பியது. 12 வயதையொட்டி உயரம் படுவேகமாகக் கூடியது. முதல் மாதவிலக்கு வந்ததோ பதின்மூன்றரை வயதுவாக்கில். இன்றைய பெண்களுக்கு இவையெல்லாம் இன்னும் முன்னதாகவே நடக்கின்றன, ஆனால் வரிசை மாறவில்லை. அதுவரை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்ந்த பெண், உச்ச வேகத்தில் 8 செ.மீ. வரை வளர்கிறாள். பூப்புக்குப் பிறகு மிச்சமிருப்பது சராசரியாக 5 முதல் 7 செ.மீ. மட்டுமே. சீக்கிரம் பூப்பெய்தியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

இத்தனைக்கும் காரணம் ஈஸ்ட்ரோஜன். குறைந்த அளவில் சுரக்கும்போது வளர்ச்சியைத் தூண்டிவிடுவதும் அதுதான், அளவு கூடியதும் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடுவதும் அதுதான். 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த ஓர் ஆண் இதற்குச் சாட்சி. மரபணுக் கோளாறால் அவர் உடலுக்கு ஈஸ்ட்ரோஜனை உணரவே தெரியாது. 28 வயதில் 204 செ.மீ. உயரம், அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார்!

அப்படியானால் சீக்கிரம் வயதுக்கு வந்த பெண் குள்ளமாகிவிடுவாளா? பெரும்பாலும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் நெட்டைப் பெண் பத்தாம் வகுப்பில் நடுவரிசைக்கு வந்துவிடுவாள், அவ்வளவுதான். தாமதமாகத் தொடங்குபவளுக்குக் குழந்தைப் பருவ வளர்ச்சி கூடுதலாக ஓரிரு ஆண்டு கிடைக்கிறது, ஆனால் அவளுடைய பாய்ச்சல் சற்றுச் சிறியது. கடைசியில் இருவருக்குமான வித்தியாசம் பொதுவாகச் சொற்பமே.

கணக்கு உதைப்பது வேறிடத்தில். இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன 107 பெண்களைப் பற்றி 1991இல் ஓர் ஆய்வு வந்தது. பலர் போய்ச் சேரும்போது ஊட்டமின்றிக் குட்டையாக இருந்தவர்கள். அங்கே நல்ல சாப்பாடு கிடைத்ததும் விட்டதைப் பிடிக்கக் கிடுகிடுவென வளர்ந்தார்கள். கூடவே பூப்பும் முந்திக்கொண்டது: அவர்களில் பாதிப் பேர் 11.6 வயதுக்குள் பெரியவளாகிவிட்டார்கள், ஸ்வீடன் பெண்களுக்கோ அது 13ஐ ஒட்டி. இறுதி உயரம் சராசரியாக 154 செ.மீ.தான். உயரம் ஏறுவதற்குள் தட்டுகள் மூடத் தொடங்கிவிட்டன. எந்த வயதில் பூப்பு என்பதைவிட, அது தொடங்கும்போது பிள்ளை எவ்வளவு உயரம் இருந்தாள் என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். உளுந்தும் முட்டையும் கைக்குழந்தைப் பருவம் முடிந்ததிலிருந்தே தட்டில் இருக்க வேண்டும்.

எட்டு வயதுக்கு முன்பே மார்பு அரும்பினால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். தேவையென்றால் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போட்டுப் பருவமடைவதை நிறுத்திவைக்க முடியும். உரிய வயதில் பூப்பெய்திய பெண்ணுக்கு உயரத்துக்காக இந்த ஊசி கேட்பதில் பயனில்லை. மருத்துவர் கட்டாயம் கேட்கப்போவது கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளின் உயரத்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் ஒரு கோடு கிழித்துத் தேதி போட்டு வைத்திருந்தால் அதுவே போதும்.