சர்க்கரை இறங்கிய பின்னரும்

சென்ற மாதம் செஞ்சி வட்டாரச் சங்கமொன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். நெசவாள அங்கத்தினர் ஒருவர், "சர்க்கரை இறங்கிவிட்டது ஐயா, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று மகிழ்ச்சியோடு கூறினார். அவர் பாதத்தில் தறிமிதி உராய்ந்த புண் ஒன்று மூன்று வாரமாக ஆறாதிருந்தது. அதனைக் கண்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் வைத்தியனல்லன், கணக்குப் பார்ப்பவன். ஆயினும் இதுவும் ஒருவகையில் கணக்கு விஷயமே.

நீரிழிவைச் சர்க்கரையின் வியாதி என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது இரத்தக் குழாய்களின் வியாதியுமாகும். நீரிழிவுற்றோரின் உயிரைக் கொள்வதில் முதலிடம் இருதய, இரத்தக் குழாய் நோய்களுக்கே. 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி தமிழ்நாட்டு வயது வந்தோரில் 100-க்கு 14.4 பேருக்கு நீரிழிவு உண்டு. ஆகவே இது நம் சங்கங்களுக்குப் புறம்பான செய்தியன்று.

இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உள்ளன. கிருமிகளை எதிர்ப்பது அவற்றின் தொழில். சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதுறுகிறது. அவ்விடத்தில் வெள்ளையணுக்களுள் மோனோசைட் என்னும் வகையின ஒட்டிக்கொண்டு, சுவருக்குள் நுழைந்து, அங்குள்ள கொழுப்பை விழுங்கி வீங்கி, வெளியேற மாட்டாமல் மடிகின்றன. அந்தக் குவியலே நாளடைவில் படிவாகிறது. படிவு பிளந்தால் அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும். இருதயத்தில் மாரடைப்பு, மூளையில் பக்கவாதம். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்கிய நம் செஞ்சிக் கோட்டை மதிலை, உள்ளிருந்த காவலரே அகழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்!

சென்னையில் 2001-இல் தொடங்கிய பெரிய நீரிழிவு ஆய்வின் ஒரு பகுதியில், சர்க்கரைக் கோளாறு மிகுதியாக உள்ளோரிடம் வெள்ளையணு எண்ணிக்கையும் கூடியிருக்கக் கண்டனர். இதைப் படித்துவிட்டு யாரும் அணு எண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டுவதில்லை. சாதாரணக் காய்ச்சலிலும் அது ஏறும்.

நிற்க. நம் நெசவாளருக்குரிய செய்தி இனிமேல்தான் வருகிறது. 2021-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் நீரிழிவுற்ற எலிகளின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, சர்க்கரை சரியாயுள்ள எலிகளுக்கு மாற்றி வைத்தனர். வெள்ளையணுக்கள் பிறப்பது மஜ்ஜையில்தான். மஜ்ஜையைப் பெற்ற எலிகளுக்குச் சர்க்கரை மிகாதிருந்தும் குழாய்ப் படிவு அதிகரித்தது. அதாவது அவ்வணுக்கள் பழைய சர்க்கரையை நினைவில் வைத்திருந்தன. இந்த மாதத் தவணையைச் செலுத்திவிட்டால் பழைய பாக்கி தள்ளுபடியாகிவிடுமா?

மனிதரிடத்தும் இதையொத்த ஒன்று காணப்பட்டுள்ளது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 5,102 பேரைச் சேர்த்த ஆய்வில், நோய் கண்ட தொடக்கத்திலேயே மருந்தால் சர்க்கரையை நன்கு அடக்கியவர்களுக்குப் பல்லாண்டு கழித்தும் மாரடைப்புக் குறைவாயிருந்தது என 2008-இல் அறிவித்தனர். வெள்ளையணுவின் நினைவுதான் அதற்குக் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. எனினும் காலந்தாழ்த்தலாகாது என்பதில் ஐயமில்லை.

மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, மாத்திரையை விட்டால் ஏறும். வைத்தியர் சொன்னாலன்றித் தாமே நிறுத்தலாகாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைச் செய்துகொள்வது நலம். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் உடன் கவனிக்க வேண்டும். புகையிலையை அறவே விட வேண்டும். தறிக்குழியில் காலிறக்குவோரும் வெறுங்காலோடு கழனியில் இறங்குவோரும் இரவில் உள்ளங்காலை விளக்கொளியில் பார்த்துக்கொள்ளட்டும். மரத்த காலுக்கு முள் தைத்தது தெரியாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது.

அந்த அங்கத்தினர் மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார். புண் இன்னும் முழுதும் ஆறவில்லை.