நோயுற்ற கண்ணும் இருவகைச் சத்திரசிகிச்சையும்

கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா முதலிய மலைச்சரிவுகளில் வேலை செய்வோரின் கண்ணில் தேயிலைச் சுள்ளி கீறிவிடுவதுண்டு. சிறு கீறல்தானே என்று பலர் பொருட்படுத்துவதில்லை. அக்கீறலின் வழியே கிருமி புகுந்து, கருவிழி புண்ணாகி, கண் முழுதும் சீழ் கட்டிவிட்டால் பார்வை மீளாது போகலாம். மருந்தும் பயன் தராத நிலையில், கண்டி தேசிய வைத்தியசாலையானாலும் வேறெங்காயினும், கண்ணை அகற்றுவதா என்ற வினா எழுகிறது. எம்முறையில் அகற்றுவது என்பது அதனினும் நுட்பமான வினா.

முறைகள் இரண்டு. ஒன்றில், பார்வை நரம்பை வெட்டிக் கண்கோளம் முழுவதும் எடுக்கப்படும். மற்றதில், உள்ளிருப்பவை மட்டும் நீக்கப்பட்டு, வெண்ணிறப் புற உறையும் அதைப் பற்றிய ஆறு தசைகளும் விடப்படும். தசைகள் இடம் மாறாமையால், பின்னர் பொருத்தும் செயற்கைக் கண் நன்கு அசையும். 1880களில் இங்கிலாந்தின் மியூல்ஸ் என்னும் வைத்தியர் அவ்வெற்றுறையுள் கண்ணாடி உருண்டையை வைத்து, குழி விழாது காத்தார்.

சீழ் கட்டிய கண்ணுக்கு இரண்டாம் முறையையே பல வைத்தியர் விரும்புவர். பார்வை நரம்பின் உறை மூளையின் உறையோடு தொடர்ந்திருப்பது. அதை வெட்டாது விட்டால், கிருமி மூளையை நாடும் அபாயம் குறையும்.

புற்றுநோயிலோ நிலைமை நேர்மாறு. குழந்தையின் கண்மணியில் வெண்ணொளி தோன்றினால் அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். அத்தகைய கண்ணை அகற்ற நேரின், உறையைத் திறப்பது நோயைச் சிதறவிடுவதாகும். ஆதலின் நரம்பின் நீண்ட பகுதியோடு கோளம் முழுவதும் எடுக்கப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். இங்கே அழகன்று, உயிரே முதன்மை.

ஒரு கண் ஆழமாகக் காயமுற்றால், அரிதாக மற்றக் கண்ணும் அழற்சியுறும். 1812இல் மூன்று வயதில் ஒரு கண்ணில் காயமுற்ற லூயி பிரெய்ல் இரு கண்களும் இழந்தது இவ்வாறே எனக் கருதப்படுகிறது. இவ்வச்சத்தைப் போக்க முழுக் கோளத்தையும் எடுப்பதே கூடுதல் காப்பென்பது நெடுநாளைய கருத்து.

எனவே, எம்முறை சிறந்தது என்று வினவுவதிலும், கண்ணுள் இருக்கும் நோய் யாது, புற்றுநோய் இல்லை என்பது உறுதியா என்று வைத்தியரிடம் வினவுவதே குடும்பத்தார் கடமை. அவ்விடை தெளிந்தபின் முறையும் தெளியும்.