கோடையில் குளிரும் கடல், புரட்டாதியில் வரும் சூரை

யூலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். அப்போது நியூஜேர்சிக் கரையில் காலை நனைத்தால் சில நாட்களில் நீர் ஊசியாய்க் குத்தும். முதல் வாரம் கரையோடு ஓடிய மீனும் காணாமற் போயிருக்கும். ஐசலின், எடிசன் பகுதியிலிருந்து சாண்டி ஹூக்கிற்கும் ஐலண்ட் பீச் மாநிலப் பூங்காவிற்கும் தூண்டிலோடு போகும் எம்மவர் பலர் இதைக் கண்டு குழம்புகிறார்கள். காரணம் காற்று.

வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்துக் கடலை அறிந்தவர்கள் நாம். இங்கே கோடையில் வீசுவது தென்மேற்குக் காற்று. அது கரைக்கு ஏறத்தாழ இணையாக ஓடுகிறது. பூமியின் சுழற்சியால் மேல்மட்ட நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது ஆழ்கடல் நோக்கி விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். 24 பாகை செல்சியசில் இருந்த நீர் இரண்டொரு நாளில் 16 பாகைக்கு இறங்கிவிடும். சோளகக் காலத்தில் இலங்கையின் தென்கரையிலும் இதே விளையாட்டு நடக்கிறது. காற்று கிழக்குக்கோ வடகிழக்குக்கோ திரும்பினால் சூடான நீர் மறுபடி கரைக்கு வரும். ஆகவே பெற்றோல் செலவழிக்கு முன் வானிலையை மட்டுமல்ல, நீரின் வெப்பநிலையையும் பாருங்கள். வற்றும் பெருக்கும் அப்படியே. சாண்டி ஹூக்கில் நீர்மட்டம் சராசரி 1.4 மீற்றர் ஏறி இறங்குகிறது. யாழ்ப்பாணக் களப்பில் முழங்காலளவு நீரில் நடந்து பழகியவர்கள் இங்கே மணல் திட்டில் கவனமாக நிற்க வேண்டும்.

ஆவணி கடைசியில் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான் இந்தக் கரையின் நல்ல காலம். நெத்தலியும் சிறு மணலையும் கூட்டமாகக் கரையோடு தெற்கே போகும். அவற்றைத் துரத்திக்கொண்டு வருவது, இங்கே ஃபோல்ஸ் அல்பகோர் எனப்படும் மீன். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நம்முடைய சூரையின் ஒன்றுவிட்ட சகோதரம். மனசுக்வான், பார்னகட் முகத்துவாரங்களின் கல்லணைகளில் விடியற்காலையில் தண்ணீர் கொதிப்பதுபோல் தெரிந்தால் அதுதான்.

இதற்கு ஃபிளை தூண்டிலே மிகவும் பொருத்தம். வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துச் செல்லும். இதில் பாரம் தடித்த நூலில் இருக்கிறது. நுனியில் இறகும் மயிரும் கட்டிய, ஏறக்குறைய பாரமற்ற போலி இரை. சூரை சின்ன நெத்தலியைத் தின்னும்போது பெரிய இரையை ஏறெடுத்தும் பாராது. ஐலண்ட் பீச்சுக்குப் பக்கத்து ஊரான சீசைட் பார்க்கைச் சேர்ந்த பொப் பொபொவிக்ஸ் எபொக்சிப் பசை பூசி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறுமீன் இரைகளைக் கட்டி இத்துறையில் பெரும் பெயர் பெற்றார். மேல்காற்று முதுகுப்பக்கம் வீசும் நாளில் கடல் தட்டையாகும். மீனும் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி அணியாமல் வீச வேண்டாம். காற்றில் திரும்பி வரும் தூண்டில்முள் ஆளைப் பார்ப்பதில்லை.

வெள்ளையர்கள் பெரும்பாலும் இந்த மீனைக் கடலில் விட்டுவிடுவார்கள். இரத்தம் நிறைந்த கருஞ்சதை அவர்களுக்குப் பிடிக்காது. மாசிச்சம்பல் தெரிந்த நமக்கு அப்படியில்லை. ஆனால் பிடித்த உடனே இரத்தம் வடித்து ஐசில் புதைக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் உருவாகும் ஹிஸ்டமின் எவ்வளவு கொதித்தாலும் அழியாது.

அடுத்து, பலர் ஆசைப்படும் ஸ்ட்ரைப்ட் பாஸ். செசபீக் குடாவில் 2019 முதல் குஞ்சுகளின் தொகை மோசமாகக் குறைந்ததால் விதி கடுமையாகியிருக்கிறது. 2023-இல் வந்த மாற்றத்தின்படி 28 முதல் 31 அங்குலம் வரையான ஒன்றை மட்டும் ஒருவர் ஒரு நாளில் எடுக்கலாம். சின்னதும் பெரியதும் திரும்பக் கடலுக்கே. வலையால் பிடிப்பது குற்றம். உப்புநீரில் தூண்டில் போட நியூஜேர்சியில் அனுமதிப்பத்திரக் கட்டணம் இல்லை. 16 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுதோறும் இலவசமாகப் பதிவு செய்தால் போதும். விதிகள் மாறக்கூடியவை, போகுமுன் மாநில மீன்வளத் துறையின் பக்கத்தைப் பாருங்கள். ஒரு மீனுக்காக அபராதச் சீட்டு வாங்குவது நமக்குக் காசு நட்டம் மட்டுமல்ல. குடியுரிமைக்கான என்-400 படிவம், எந்த அதிகாரியாவது எதற்காகவாவது உங்களுக்குச் சீட்டுத் தந்ததுண்டா என்று கேட்கிறது. அகதியாய் வந்து அந்தப் படிவத்துக்காகக் காத்திருப்பவருக்கு இது சிறிய கேள்வியல்ல.

கடைசியாகச் சமையலறை. கர்ப்பிணிகளும் குழந்தை பெறும் வயதுப் பெண்களும் சிறுவரும் இக்கரையில் பிடித்த ஸ்ட்ரைப்ட் பாஸை உண்ண வேண்டாம் என்கிறது மாநில அறிவுறுத்தல். பெரிய புளூஃபிஷுக்கும் இதே எச்சரிக்கை. பிசிபி என்னும் நச்சு மீனின் கொழுப்பிலும் தோலிலும் கருஞ்சதையிலும் சேர்கிறது. வெள்ளையர் அதைச் சுட்டு, வடியும் கொழுப்பை ஊற்றிவிடுகிறார்கள். நாமோ தலையையும் தோலையும் போட்டுக் குழம்பு வைத்து, அந்தக் கொழுப்பைச் சோற்றில் விட்டுப் பிசைகிறோம்.

நண்டு இன்னும் மோசம். ஐசலின் அடங்கிய வுட்பிரிட்ஜ் நகரசபையின் கிழக்கு எல்லையில் ஓடுவது ஆர்தர் கில். வீட்டிலிருந்து சில நிமிடப் பயணம், நீலக்கால் நண்டு தாராளம், கேட்கவும் ஆளில்லாததுபோல் தோன்றும். நெவார்க்கில், பசேய்க் ஆற்றங்கரையில் இருந்த டயமண்ட் அல்கலி தொழிற்சாலை வியட்நாம் போருக்கான ஏஜண்ட் ஒரேஞ்ச் களைக்கொல்லியைத் தயாரித்தது; அதன் டையொக்சின் ஆற்றுச் சேற்றில் படிந்து கீழே பரவியது. பசேய்க் ஆற்றின் கீழ்ப்பகுதி, நெவார்க் குடா, ஆர்தர் கில், கில் வான் குல் ஆகியவற்றில் நீலக்கால் நண்டு பிடிப்பதே தடை. உண்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நண்டுக்கறி வேண்டுமென்றால் தெற்கே பார்னகட் குடா வரை காரை விடுங்கள். அங்கும் ஓட்டைத் திறந்ததும் உள்ளே இருக்கும் பச்சை மஞ்சட் பசையை வழித்து எறிந்துவிட்டே சட்டியில் போடுங்கள்.