வாவியின் ஓசையும் பௌதிகவியல் ஆய்வுரையும்

பல்கலைக்கழகங்களின் பௌதிகவியல் துறைகளில் ஆய்வுரைகள் கிரமமாக நடைபெறுவது உலகெங்குமுள்ள வழமையாகும். ஆய்வாளர் ஒருவர், பெரும்பாலும் இன்னும் முடிவடையாத தமது ஆய்வைச் சக அறிஞர் முன் வைப்பார். அவர்கள் இடைமறித்துக் கேள்வி எழுப்புவர். உரையைவிடக் கேள்விகளே பயன் தருவதும் உண்டு. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் பௌதிகவியல் கற்பிக்கப்படுகின்றது. இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. ஆய்வுரைக்கு இதைவிடச் சிறந்த பொருளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை.

வாவியின் 'பாடும் மீன்' பற்றி அறியாதார் இல்லை. அக்கால இலங்கைக் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கு வந்தபோது, நிலவெழுந்த பின் படகில் சென்று அவ்வோசையைத் தாமே கேட்டு எழுதிவைத்தார். படகின் மரத்தில் காதை வைத்ததும் ஓசை பன்மடங்கு பெருகியதாக அவர் குறிப்பிடுகிறார். அவரிடம் பேசிய மீனவர்கள் மீனைச் சொல்லவில்லை. ஊரியையே சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் 1950களில் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை லாங் இவ்வோசையை ஒலிப்பதிவு செய்தார்.

மரத்தில் காதை வைத்தால் ஏன் ஓசை பெருகுகிறது? நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பை அடைந்ததும், அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே வளிக்குள் நுழைகிறது. எஞ்சியது நீருக்குள்ளேயே தெறித்துத் திரும்புகிறது. மரமோ நீரின் அதிர்வை எளிதில் ஏற்று, காதுக்கும் எலும்புக்கும் கடத்துகிறது. துடுப்பை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்ட எமது மீனவரின் கையில் இருந்தது ஓர் ஆய்வுகருவியே.

அடுத்த கேள்வி, பாடுவது மீனா ஊரியா என்பது. நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் செல்லும். 15 மீற்றர் இடைவெளியில் இரு நீரடி ஒலிவாங்கிகளை இறக்கினால், அவற்றின் நேர்கோட்டிலிருந்து வரும் ஒலி ஒன்றை அடைந்து செக்கனின் நூறில் ஒரு பங்கின் பின்னரே மற்றையதை அடையும். மூன்றாவதையும் சேர்த்தால் ஒலி பிறக்கும் இடம் பிடிபடும். அவ்விடம் இரவு முழுவதும் நகராதிருந்தால் ஊரியின் பக்கம் வழக்கு வலுக்கும். நகர்ந்து திரிந்தால் மீனின் பக்கம். ஆயினும் இதுவும் இறுதித் தீர்ப்பாகாது. கலிபோர்னியாவின் சோசலிற்றோவில் 1980களில் படகுவீட்டுவாசிகளின் உறக்கத்தைக் கெடுத்த ரீங்காரத்திற்குக் கழிவுநீர்ப் பம்பிகள் மீதெல்லாம் பழி விழுந்தது. ஈற்றில், இனப்பெருக்க காலத்தில் ஓரிடத்திலேயே தங்கிக் காற்றுப்பையை அதிரவைக்கும் ஒருவகை ஆண் மீனே அதற்குக் காரணமெனத் தெரியவந்தது.

பூரணை நிலவுக்கும் பாட்டுக்கும் உறவுண்டா என்பதே எம்மை அதிகம் ஈர்க்கும் வினா. நிலவும் அமைதியான நீரும் உள்ள இரவில்தானே ஓசை கேட்க மக்கள் தோணியேறினர்! அமாவாசையில் எவரும் போய்க் கேளாதிருந்தால், அன்று பாடவில்லை என்று எவ்வாறு கூறுவது? இதற்கு மறுமொழி வேண்டுமாயின், கருவியை மாதம் முழுவதும் நீரில் விட்டு, நீரின் வெப்பநிலை, உவர்த்தன்மை, இயந்திரப் படகுகளின் இரைச்சல் ஆகியவற்றையும் உடன் பதிய வேண்டும்.

எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் கருவியை இறக்குவது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் நாவற்குடாவிலும் காத்தான்குடியிலும் இருக்கின்றனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்த ஒடுங்கிய நிலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நீரில் வலை வீசுபவர்கள். ஆனால் விஞ்ஞான பீடங்களின் மொழி ஆங்கிலமாயிருப்பதால், அங்கு நிகழும் ஆய்வுரை இவர்களை எட்டுவதில்லை. இலண்டனில் மைக்கேல் பரடே 1825இல் தொடங்கிய வெள்ளிக்கிழமை மாலை உரைகளில் பொதுமக்களும் அமர்ந்து கேட்டனர்.

நாவற்குடாவின் அயலிலுள்ள கல்லடி உப்போடையில் அடக்கமாகியிருக்கும் சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1930களில் தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்றவர். 1947இல் வெளியான யாழ் நூலில் நரம்புகளின் இசையைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர். மொழி போதாது என்று இன்று எவரும் கூறவியலாது. மீடிறன், பரிவு, அலைநீளம் ஆகிய சொற்களை எமது உயர்தர வகுப்பு மாணவர்கள் தமிழிலேயே கற்றுப் பரீட்சை எழுதுகின்றனர். மாதத்தில் ஒரு மாலை, ஒரேயோர் ஆய்வுரையைத் தமிழில், வாவிக்கரையில் நடத்துவதற்கு ஒரு மண்டபமும் சில கதிரைகளும் போதும்.