பழைய காருக்குப் புது பிரேக்: ஹெரால்ட் வைத்திருப்போர் கவனத்திற்கு

நமது இதழில் வரிக் கணக்கு, உரிமம் புதுப்பித்தல், தராசு முத்திரை ஆகியவை பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். நம் உறுப்பினர்கள் பலர் வீட்டு ஷெட்டில் தகப்பனார் காலத்துக் கார் ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் அதை வெளியே எடுத்து, பெயின்ட் அடித்து, வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் ஓடுவதற்குச் செலவு செய்கிறவர்கள் நிற்பதற்குச் செலவு செய்வதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் வீட்டில் நிற்பது 1970ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். கோட்டாறு கம்போளத்தில் மிளகும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்த என் தகப்பனார் வாங்கியது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்த கார் இது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்று பெயர். அதே சேஸிஸைக் குட்டையாக்கி 1962இல் அவர்கள் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் ஹெரால்ட் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்தது. சோழவரம் விமானத் தளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடின.

கூடப்பிறந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். நம் ஹெரால்டுக்கு நான்கிலும் டிரம். அதோடு பிரேக் ஆயில் போவதற்கு ஒரே லைன். நான்கு சக்கரத்துக்கும் போகும் குழாயில் எந்த இடத்தில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1984இல் பெற்றோரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலிலிருந்து பத்தலகுண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வயதின் மிதப்பில், கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தேன். பாதி தூரத்தில் கருகிய வாடை. அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி தரை வரை போய்விட்டது. இரண்டாவது கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் பள்ளம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா மட்டும், “கடையைப் பாக்கதுக்கு ஆள் வேணும்லே” என்றார்.

அன்று என்ன நடந்தது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால் உண்டாகும் சூடு, ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஏறக்குறைய 60 டிகிரி உயர்த்தப் போதும். அதே கார் 40இலிருந்து நின்றால் அதில் கால் பங்கு சூடுதான். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. சரி, மலை இறக்கம்? 100 மீட்டர் உயரம் இறங்குவது, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நான்கு தடவை நிற்பதற்குச் சமம். கொடைக்கானலிலிருந்து அடிவாரம் ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். எழுபது தடவைக்கு மேல் நின்ற சூடு. என்ஜினும் காற்றும் சுமக்க வேண்டிய பங்கையும் அன்று நான் டிரம்மின் தலையிலேயே கட்டிவிட்டேன்.

டிரம் மூடிய பாத்திரம். சூடு எளிதில் வெளியேறாது. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். டிஸ்க் திறந்த தட்டு. காற்றுப் பட்டு ஆறும். மழைத்தண்ணீர் பட்டாலும் சுழற்சியில் உதறிவிடும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் காணும் நம் மாவட்டத்தில் இது சிறிய விஷயமல்ல. 1953இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது.

அன்று பெடல் தரைக்குப் போனதற்கு முக்கியக் காரணம் டிரம் அல்ல, ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் கடைச் சர்க்கரை மூட்டையைப் போல. டாட் 3 என்ற தரத்துக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். ஆவி அமுங்கும். பெடல் தரைக்குப் போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. என் காரில் ஆயில் மாற்றி எத்தனை வருடமாயிற்று என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடற்காற்று வீசும் ஊர்க்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். (ஆதியில் பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். அதற்காக யாரும் கடையிலிருந்து எடுத்து ஊற்றிவிடாதீர்கள்!)

இப்போது என் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். தங்கை மகன், என்ஜினீயரிங் படித்தவன். “மாமா, ஆக்கர் கடையில வேற காரோட டிஸ்க் கிடைக்கும். வெல்டு வச்சுப் போட்டுறலாம்” என்றான். வேண்டாம் என்றேன். ஸ்டியரிங் முட்டியும் பிரேக் காலிப்பரும் பிடித்திருக்கிற இடத்தில் வெல்டிங் வைத்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் குடும்பத்துக்கென்றே செய்த டிஸ்க் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து இன்றும் வருகின்றன. பெரும்பாலும் போல்ட்டிலேயே பொருந்தும். விலை அதிகம்தான். வாங்க முடியாதவர்கள் டிரம்மையே ஒழுங்காக வைத்துக்கொள்வது மேல்.

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் இருப்பதைச் சரி செய்தோம். டிரம்களை லேத்தில் வட்டம் பார்த்தோம், வீல் சிலிண்டர்களுக்குப் புது ரப்பர் போட்டோம், துருப்பிடித்த குழாய்களைத் தூக்கிப் போட்டுத் தாமிர-நிக்கல் குழாய் வளைத்தோம், விரிசல் கண்ட ரப்பர் ஹோஸ்களை மாற்றினோம். ஹெரால்டின் பிரேக் கிர்லிங் வகை. சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா அதே கிர்லிங் கம்பெனிக் கூட்டில் ஏற்பட்டதுதான். அதனால் சீல் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு அளவு கொடுத்தால் ஒத்தது தேடிவிடலாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ரப்பர் இருக்கும் இடத்தைப் பெட்ரோலால் கழுவினால் ரப்பர் ஊதிக் கெடும்.

இதை முடித்தவுடனேயே காரின் பிரேக் பாதி திருந்திவிட்டது. டிஸ்க்குக்கு முன் நான் பணம் போட்ட இடம் மாஸ்டர் சிலிண்டர். ஒற்றை லைனை எடுத்து, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என இரட்டை லைன் உள்ள டாண்டம் சிலிண்டர் வைத்தோம். ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், இது பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஆகவே இதற்குச் செலவழிக்க இளைஞர்களுக்கு மனம் வருவதில்லை.

பிறகே முன் டிஸ்க். இங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். டிரம்மில் ஒரு ஷூ சுழற்சியோடு தானே இறுகும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. காலில் பலம் கூடுதலாக வேண்டும். இல்லையேல் வேக்கம் பூஸ்டர் வைக்க வேண்டும். அடுத்து, காலிப்பருக்குப் போகும் ஆயில் அளவு வேறு. மாஸ்டர் சிலிண்டரின் துளை அதற்குப் பொருந்த வேண்டும். டிரம்முக்கென்று செய்த சில சிலிண்டர்களில் லைனில் கொஞ்சம் அழுத்தம் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதை அகற்றாவிட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே வரும்.

மூன்றாவதுதான் பெரிது. பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னே சாயும். பின் சக்கரம் இலேசாகும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் திரும்பிவிடும். அதனால் பின் டிரம்மைப் பெரிதாக்கவே கூடாது. ஹெரால்டுக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. அதன் பின் அச்சு இரண்டு துண்டாகத் தனித்தனியே ஆடுவது. வளைவுக்குள் நுழைந்த பின் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக் மிதித்தால் பின்பக்கம் தூக்கி, சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். பிடிப்பு போய்விடும். எவ்வளவு நல்ல டிஸ்க் போட்டாலும் இது மாறாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

சட்டப் பக்கமும் உண்டு. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்று விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை சொல்கிறது. பிரேக் அதில் வராது என்று மேஸ்திரி சொல்லலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 2021இல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ என்ற தனி நம்பர் வாங்க எண்ணுகிறவர்கள் சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் கை வைக்காதிருப்பது நல்லது. அந்த நம்பர் வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வேலை முடிந்து ஆளில்லாத விடியற்காலையில், காவல்கிணறு பக்கம் நேரான சாலையில் நானும் மருமகனும் சோதித்தோம். 30, 40, 50 என்று கூட்டிக்கூட்டி நிறுத்திப் பார்த்தோம். முதல் நாள் இடது பக்கம் இழுத்தது. ஒரு காலிப்பரில் காற்று முழுதும் எடுபடவில்லை. மறுபடி பிளீடிங் செய்து, மறுநாள் மீண்டும் போனோம். கார் நேராக நின்றது. என்ஜின் வேலையை அதன் பிறகுதான் அவன் தொட விட்டேன்.