உங்களுக்குத் தெரியுமா? – சிரம்பான் கடைகளும் தோட்டத்துக் கணக்கும்

தோட்டத்துக்காரர்களுக்கு டவுனுக்குப் போவதென்பது ஊர் பார்க்கப் போவதல்ல, கடைக்குப் போவது. மாதத்தில் ஒரு நாள், சம்பளத்துக்கு மறுநாள். நெகிரி செம்பிலானில் அந்த டவுன் சிரம்பானாக இருக்கும், ரந்தாவாக இருக்கும், பகாவாக இருக்கும். இந்த வாரம் அந்தக் கடைகளைப் பற்றி, நடுவில் கொஞ்சம் ரயிலும் கடற்கரையும் தங்குமிடமும். பேரங்காடி அபிமானிகள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

●

மலாய்க்காரர்கள் கடையை ‘கெடாய்’ என்கிறார்கள். நம் ‘கடை’தான் அது. கடையோடும் நிற்கவில்லை. போட்ட முதலுக்கு ‘மோடால்’, சரக்கு வைக்கும் பெட்டிக்கு ‘பெத்தி’, சரக்கு வந்த கப்பலுக்கு ‘காப்பால்’. எல்லாம் தமிழ் வணிகர்கள் இறக்கிவிட்டுப் போனவை. ‘ஒன்று வாங்கினால் ஒன்று பெர்ச்சுமா’ என்று பலகை தொங்குகிறதே, அந்த ‘பெர்ச்சுமா’வுக்குள் உட்கார்ந்திருப்பது நம் ‘சும்மா’.

●

ரிங்கிட்டை நாம் ‘வெள்ளி’ என்கிறோம். ஒரு காலத்தில் இங்கே புழங்கிய ஸ்பானிய டாலர் அசல் வெள்ளிக் காசு. அதன் விளிம்பு அரத்தின் பல் போல இருந்ததால் மலாய்க்காரர்கள் ‘ரிங்கிட்’ என்றார்கள். அவர்கள் விளிம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் உலோகத்தைப் பார்த்து வைத்தோம். காசு தாளாகிப் பிறகு கைப்பேசிக்குள் போய்விட்டது. ரொட்டிச் சானாய்க் கடையில் இன்னமும் ‘ரெண்டு வெள்ளிண்ணே’தான்.

●

தோட்டத்துக் கடையை நடத்தியது கடைக்காரர் அல்ல, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். உள்ளங்கையில் அடங்கும். அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். மூன்று ஐந்துகள், ஆகவே மலாயில் ‘பூக்கு தீகா லீமா’. கடன் சொல்லி வாங்குவதற்கு இந்த நாட்டில் இன்றும் அதுதான் செல்லப்பெயர்.

வீட்டுக்கு ஒரு புத்தகம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், டின் மீன், வெற்றிலை எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் அடைத்துவிட்டு மறுநாள் காலையிலேயே புதுக்கணக்கு தொடங்கும். கடைக்காரர் பெரும்பாலும் சீனர். நம்மைவிடச் சரளமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். எந்த வீட்டில் காதுகுத்து, எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கிராணிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

இதை நினைத்து உருகுகிறவர்கள் உண்டு. நான் பாதிதான் உருகுவேன். டவுன் பத்துக் கட்டைக்கு அப்பால், கையில் காசில்லை. வேறு கடைக்குப் போக வழியில்லாதவரிடம் கடைக்காரர் அன்பாக இருப்பதில் பெரிய சிரமமில்லை. புத்தகத்தில் எழுதுகிறவர் அவர், எழுதியதைப் படிக்கத் தெரியாதவர் எங்கள் பாட்டி. ஆனாலும் விடாமழை பிடித்துப் பால்வெட்டு நின்றுபோன மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்தப் புத்தகத்தால்தான். பாட்டி கடைசிவரை அவரை ‘தவுக்கே’ என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

●

தோட்டத்தில் இன்னொரு கடையும் இருந்தது. கள்ளுக்கடை. தோட்டம் கொடுத்த கூலியில் ஒரு பங்கு பொழுது சாயும்போது அங்கே திரும்பிப் போகும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியை உயர்த்து என்பதோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கையாக எழுந்தது. கடைக்குப் போகிறவர்களே அதைப் பூட்டச் சொல்லிப் போராடிய வியாபாரம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்?

●

நெகிரி செம்பிலானின் பழைய தோட்டங்கள் சில ரப்பர்த் தோட்டங்களாகப் பிறக்கவில்லை, காப்பித் தோட்டங்களாகப் பிறந்தவை. ரந்தாவ் பக்கத்து லின்சம் அவற்றில் ஒன்று. 1890-களில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டி விலை சரிந்ததும், காப்பி இருந்த இடத்தில் பால்மரம் ஏறிக்கொண்டது.

காப்பிச் செடி போனது. காப்பிக் கடை மட்டும் டவுனை விட்டுப் போகவில்லை. ‘கொப்பித்தியாம்’ என்பது மலாய்க் ‘கோப்பி’யும் ஹொக்கியன் ‘தியாம்’மும் சேர்ந்தது. தியாம் என்றாலும் கடைதான். ஆனால் இந்தக் கடைகளை நடத்தியவர்களில் மிகப் பலர் ஹொக்கியர் அல்லர், ஹைனான் தீவுக்காரர்கள். சீனர்களில் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள். ஈயம், மளிகை, வட்டி என்று நல்ல தொழில்களை முந்தி வந்தவர்கள் பிடித்துக்கொண்டதால், இவர்களுக்குக் கிடைத்தது வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுச் சமையலறை. ரொட்டி வாட்டவும் முட்டை அவிக்கவும் அங்கே கற்றுக்கொண்டு, பிறகு பளிங்கு மேசை நான்கு போட்டுத் தனியாக உட்கார்ந்தார்கள். காப்பிக்கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது அவர்கள் கைப்பழக்கம். அந்தக் கறுப்பு நிறமும் லேசான கருகல் வாசமும் அதனால்தான்.

அங்கே போனால் வாய்க்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வெறும் ‘கோப்பி’ என்றால் இனிப்பு டின்பால் ஊற்றி வரும். ‘ஓ’ என்றால் பாலில்லை, சீனி உண்டு. ‘சி’ என்றால் இனிக்காத டின்பால். ‘கோசோங்’ என்றால் சீனியும் வேண்டாம். மலாயில் அதற்குக் ‘காலி’ என்று பொருள். நீரிழிவு வந்த நம் மாமாக்கள் இன்று நாடெங்கும் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று சோகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கோப்பைக் காப்பியைக் கேட்க மலாயும் ஹொக்கியனும் சேர்ந்து வேண்டியிருக்கிறது, கேட்பவர் தமிழர்.

●

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டிச் சானாய், தே தாரேக். உணவுக்கு மட்டுமல்ல, எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் உட்காரும் பழக்கத்துக்கும் சேர்த்துக் கிடைத்த மதிப்பு. நாம் முகம் பார்த்ததும் ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்கிறோமே, அதைத் தனியாக ஒரு மனு போட்டுச் சேர்க்கலாம்.

●

சிரம்பான் பழைய டவுனில் கடைகளுக்கு முன்னால் வெயில் படாமல் ஓடும் நடைபாதைக்குப் பெயர் ஐந்தடி. மலாயில் ‘காக்கி லீமா’. கடை கட்டுகிறவர் தன் நிலத்தில் முன்பக்கம் நடக்க இடம் விட வேண்டும் என்பது 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் வந்தது. பிறகு மலாயா டவுன்களிலும் வழக்கமாயிற்று. அவர் நினைத்தது நடக்க. நாம் அங்கே பூக்கட்ட, செருப்புத் தைக்க, ஜோசியம் பார்க்க, பத்திரிகை விற்க உட்கார்ந்தோம். கோலாலம்பூரிலிருந்து 1924 முதல் வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றபோது ஐந்தடியில் ஒரு கொக்கி காலியானது.

●

சிரம்பான் யாம் துவான் சாலையில் ஹாஜி ஷரிஃப் செண்டோல் கடை. பச்சைப் புழு மாதிரி மாவுத்துண்டு, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, மேலே சீவின பனிக்கட்டி. பக்கத்தில் ஒரு தட்டு ரோஜாக். இனிப்பையும் காரத்தையும் மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும் என்பது இங்கே எழுதாத விதி. செண்டோலை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகிறவர் வெளியூர்க்காரர்.

●

சிரம்பானின் இன்னும் இரண்டு அடையாளங்கள் சீனர் கையில்: அடுப்பில் சுட்ட ‘சியூ பாவ்’, மாட்டிறைச்சி நூடல்ஸ். சியூ பாவ் ஆவியில் வெந்த பாவ் அல்ல. மேலோடு பொறுபொறுவென்று உதிரும், உள்ளே இறைச்சி. கோழி வைத்ததும் கிடைக்கிறது. நூடல்ஸுக்குப் பெரிய பசாரின் மாடிக்கு ஏற வேண்டும். தடித்த அரிசி நூடல்ஸ், கெட்டிக் குழம்பு, மேலே நிலக்கடலையும் எள்ளும். நம் வீடுகளில் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனர்களிலும் பலர் தொடமாட்டார்கள். ஆகவே ஊருக்கே பேர் வாங்கிக்கொடுத்த சாப்பாட்டை ஊரில் பாதிப்பேர் வாயில் வைத்ததில்லை.

●

சிரம்பான் – போர்ட்டிக்சன் ரயில் 1891-இல் ஓடத் தொடங்கியது. ஒரு தனியார் கம்பெனி போட்ட பாதை. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டது, பின்னால் ரப்பரைச் சுமந்தது. இன்று அந்தத் தடத்தில் பயணிகள் ரயில் இல்லை.

●

போர்ட்டிக்சனில் தங்க இடம் தேடினால் முகவரி ‘பத்து நாலு’, ‘பத்து ஏழு’ என்று வரும். பதினான்கும் அல்ல, பதினேழும் அல்ல. ‘பத்து’ மலாயில் கல், அதாவது மைல்கல். நம்மவர்கள் அதை ‘நாலாங் கட்டை’, ‘ஏழாங் கட்டை’ என்று அழகாகத் தமிழாக்கிவிட்டார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் இந்தக் கடற்கரை இன்னும் மைலில்தான் நீளுகிறது. விடுதியைத் தொலைபேசியில் பிடித்து, ‘கட்டை எத்தனை?’ என்று மட்டும் கேளுங்கள். வழி சொல்லிவிடுவார்கள்.

●

போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் தஞ்சோங் துவான். சுற்றிலும் நெகிரி செம்பிலான், இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். போர்த்துக்கீசியர் விளக்கேற்றிய இடம். இப்போது நிற்கும் கலங்கரை விளக்கம் 1863-இல் கட்டியது. மார்ச்சில் சுமத்திராவிலிருந்து கடலைத் தாண்டிவரும் தேன்பருந்துகள் இங்கேதான் முதலில் கரையைத் தொடுகின்றன. அந்த வாரங்களில் சின்ன விடுதிகளில் தொலைநோக்கிக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள். மீன் கறிக்காகப் போகிறவர்கள் வேறு வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

●

‘பந்தாய்’ என்றால் மலாயில் கடற்கரை. ஆனால் சிரம்பானை அடுத்த பந்தாயில் கடல் இல்லை, மலைதான். பெரெம்புன் காட்டை ஒட்டிய பழத்தோப்புக்குள் ‘தி டூசுன்’ என்று ஒரு தங்குமிடம் அங்கே இருக்கிறது. டூசுன் என்றாலே பழத்தோப்பு. டுரியான் பருவத்தில் இரவெல்லாம் ‘தொப்’பென்று காய் விழும் சத்தம் கேட்கும். நட்சத்திர ஓட்டலில் இதற்குப் புகார் எழுதுவார்கள்.

●

‘ஹோம்ஸ்டே’ என்று பலகை மாட்டியதெல்லாம் ஹோம்ஸ்டே ஆகாது. 1995-இல் மலேசிய அரசு தொடங்கிய திட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள், கம்பத்துக் குடும்பம் ஒன்றோடு அதே வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவது. லாபுவில் இருக்கும் பெலேகோங் கம்பம் அப்படி ஒன்று. இந்த மாநிலத்து மலாய்க் கம்பங்களில் அடாட் பெர்ப்பாத்தே என்ற தாய்வழி முறை உண்டு. குலத்து நிலம் மகளுக்குப் போகும். ஆகவே விருந்தாளியாகப் போனால் யாருக்கு முதலில் சலாம் வைப்பது என்று புரிந்திருக்கும். மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ‘மாசாக் லெமாக் சிலி ஆப்பி’ வரும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆப்பி’ என்றால் நெருப்பு.

●

லயத்து வாசலுக்கே வந்த கடைகளும் உண்டு. ரொட்டி பாய் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். வண்டியைச் சுற்றிலும் பொட்டலங்கள் தொங்கும், ஆள் தெரியமாட்டார். இடியாப்பக்காரரும் வருவார். மலாயில் அதற்குப் ‘பூத்து மாயாம்’ என்று பெயர். தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

●

நீலாயிலும் ‘சிரம்பான் 2’ குடியிருப்பிலும் இன்று அடுக்குக் கடைவீடுகள் நிற்கும் நிலத்தில் முன்பு தோட்டங்கள். லயத்திலிருந்து கிளம்பியவர்கள் பலர் அதே மண்ணில் எழுந்த மலிவு விலை வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் கடைவரிசைகளில் விடிவதற்கு முன் விளக்கெரிவது பெரும்பாலும் ஒட்டுக்கடை: ஓரமாக ஒரு தோசைக்கல், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஓர் அக்காள். நாசி லெமாக்கும் தோசையும் ஒரே மேசையில் இருக்கும். புத்தகம் கிடையாது, ஆனால் ‘நாளைக்குக் கொடுத்துக்கிறேங்க்கா’ இன்னும் செல்லுபடியாகும். சாப்பாடு பிடித்திருந்தால் இடத்தின் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் பெயர் இருக்காது.

●

பிளாஸ்டிக் பை வருவதற்கு முன் கடைக் காப்பியை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோனார்கள்? காலியான பால் டின்னில். மூடியில் துளை போட்டுக் கயிறு கோத்துக் கைப்பிடியாக்கி, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள். பிறகு பை வந்தது. ரஃபியா கயிற்றால் ஓரத்தில் கட்டி உறிஞ்சுகுழல் செருகினால் அதற்கு ‘ஈக்காட் தெப்பி’ என்று பெயர். இப்போது புதுக் காப்பிக் கடைகளில் பழைய பால் டின் மறுபடி வந்திருக்கிறது. கயிறும் இருக்கிறது. குடித்துவிட்டு டின்னை வைத்துவிட்டுப் போக வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போனால் அதற்குத் தனிக் காசு.