மலிவு விலைக் கார்பன் ரிம்: வாங்குமுன் சிந்திக்க

பாலக்காட்டிலும் இடுக்கி எல்லையிலும் குடியேறி வாழும் நம் இல்லங்களில், கார்பன் ரிம் வாங்கித் தாமே ஸ்போக் கோத்துச் சைக்கிள் சக்கரம் அமைக்க விரும்பும் இளைஞர் உளர். ஆசை நன்றே, ஆயினும் விலைக் குறைவொன்றையே கண்டு மயங்கலாகாது.

கார்பன் ரிம் என்பது கரியிழைகளைப் பிசினால் இறுக்கிச் செய்வது. எடை குறைவு, ஆனால் அலுமினியத்தைப் போல் வெப்பத்தை விரைவில் வெளிவிடாது. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் மலைப்பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அங்கே பிரேக் கட்டைகள் ரிம்மை இடைவிடாது அழுத்துமாயின், சூடேறிப் பிசின் இளகும், ரிம் உருக்குலையும், டியூப் வெடிப்பதும் உண்டு. இறங்குவோன் உயிர் அவ்வளையத்தை நம்பியன்றோ இருக்கிறது! ஆகவே, டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கே கார்பன் ரிம் கொள்க. ரிம்மைப் பற்றும் பிரேக்காயின் அலுமினியமே சாலும், செலவும் குறையும்.

பாலக்காட்டுக் கணவாயிலோ இடர் வேறு. மார்கழி, தை மாதக் கீழைக்காற்று, தெற்கு வடக்காகச் செல்லும் சாலைகளில் உயரமான ரிம்மைப் பக்கவாட்டில் தள்ளும். முன்சக்கரத்துக்கு 50 மில்லிமீட்டரினும் 30 மில்லிமீட்டர் உயரமே நலம்.

ஹப்பிலும் ரிம்மிலும் துளைகள் எண்ணிக்கையில் ஒத்திருத்தல் வேண்டும். ரிம்மை அளந்த பின்னரே ஸ்போக் நீளத்தைக் கணக்கிடுக. ஸ்போக், நிப்பிள், கோட்டம் எடுக்கும் கூலி யாவும் சேர்ந்ததே மெய்யான விலை. தாங்கும் எடையையும் உத்தரவாதத்தையும் எழுத்தில் தராத ரிம், எத்துணை மலிவாயினும் நமக்கு வேண்டா.